கள்ளிக்குச் சாப்பாட்டு நேரம் ராத்திரிதான்

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல மாசத்துக்கு ஒரு தடவையாவது அந்த மெசேஜ் வந்துடும், பெட்ரூம்ல ஸ்நேக் பிளான்ட் வைங்க, ராத்திரி பூரா ஆக்சிஜன் தரும்னு. போன வாரம் சித்தி அனுப்பினாங்க. "அது தப்பு சித்தி"ன்னு நான் போட்டதும் சித்தப்பா உள்ள வந்து "டேய், கள்ளி மாதிரி செடியெல்லாம் ராத்திரிதான் மூச்சு விடும், நான் படிச்சிருக்கேன்"னாரு, அத்தை பையன் அதுக்கு மேல போய் "கள்ளிக்கு எவ்ளோ சூடோ அவ்ளோ நல்லது, அதான் பாலைவனத்துல வளருது"ன்னு போட்டான். சித்தி சொன்னது தப்பு, சித்தப்பா சொன்னது பாதி சரி, அத்தை பையன் சொன்னதைத்தான் நிறைய பேர் நம்பிக்கிட்டு மொட்டை மாடியில செடியைக் கொன்னுக்கிட்டு இருக்காங்க. குரூப்ல டைப் பண்ணி மாளாதுன்னு இங்க எழுதறேன்.

முதல்ல சாதா செடி

ஒளிச்சேர்க்கைன்னா செடியோட சமையல். வெயில் அடுப்பு, தண்ணியும் கார்பன் டை ஆக்சைடும் சாமான், வெந்து வர்ற சாப்பாடு சர்க்கரை, நடுவுல வெளிய போற ஆவிதான் ஆக்சிஜன். இதுவரைக்கும் ஸ்கூல்லயே படிச்சது.

ஸ்கூல்ல சரியா சொல்லாம விட்டது, அந்தக் கார்பன் டை ஆக்சைடு எந்த வழியா உள்ள வருதுங்கறது. இலையில கண்ணுக்குத் தெரியாத துளைங்க ஆயிரக்கணக்குல இருக்கு, அதுக்குப் பேரு ஸ்டொமேட்டா, ரெண்டு பக்கமும் கதவு மாதிரி செல்லு இருக்கும், திறக்கும் மூடும். ஏசி ரூம் கதவைத் திறந்து வெச்சா என்ன ஆகும்? யாராவது உள்ள வரலாம், ஆனா குளிர்ச்சி பூரா வெளிய போயிடும். இலைக்கும் அதே கதைதான். வெளிக்காத்துல கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.04 சதவீதம்தான், இலைக்குள்ளயோ ஈரம் நிறைஞ்சு கிடக்கு, அதனால உள்ள வர்றது துளியூண்டு, வெளிய போறது குடம் குடமா. நெல்லு, மாமரம், வேம்பு மாதிரி சாதா செடிங்க ஒரு கிராம் கார்பன் டை ஆக்சைடு பிடிக்கறதுக்குள்ள ஏறக்குறைய 400-லேர்ந்து 500 கிராம் தண்ணியை ஆவியா விட்டுடும். ஒரு சிட்டிகை சாமானுக்கு அரை லிட்டர் பாட்டில் தண்ணி காலி.

நம்ம ஊர்ல மழை பெய்யுது, கொடுத்துட்டுப் போகலாம். அமெரிக்காவுல அரிசோனாவுல டூசான்னு ஒரு ஊரு, சொனோரன் பாலைவனத்துக்கு நடுவுல, அங்க வருஷம் முழுக்கப் பெய்யற மழையே சுமார் 300 மில்லிமீட்டர்தான். சென்னையில ஒரு மோசமான நவம்பர் வாரத்துல கொட்டிடும் அது. அங்க ஜூன் மாசம் மத்தியானம் 40 டிகிரியில கதவைத் திறந்து வெச்சா செடி அன்னைக்கே கருவாடு.

ராத்திரி சரக்கு, பகல்ல சமையல்

கோயம்பேடு மார்க்கெட்டை நெனைச்சுக்கோங்க. லாரி எல்லாம் ராத்திரிதான் வரும், சரக்கை இறக்கி அடுக்கி வெச்சுடுவாங்க, வெயில் ஏறுறதுக்குள்ள இறக்கற வேலை முடிஞ்சிடும். பாலைவனச் செடிங்க இதைத்தான் பண்ணுது. சாயங்காலம் வெயில் இறங்கி காத்து குளிர்ந்ததும் ஸ்டொமேட்டாவைத் திறக்கும், கார்பன் டை ஆக்சைடை உள்ள இழுக்கும். ஆனா ராத்திரி வெயில் இல்லையே, அடுப்பு எரியாதே, அப்ப வந்த சரக்கை என்ன பண்றது? மாலிக் ஆசிட்னு ஒரு அமிலமா மாத்தி வெச்சுக்கும், பச்சை ஆப்பிள் கடிச்சா பல் கூசுமே அந்தப் புளிப்பே இதுதான். அதை ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இருக்கற வாக்யூல்ங்கற பையில ஊத்தி வெச்சுக்கும், குடோன்னு வெச்சுக்கலாம். விடிஞ்சதும் கதவு மூடிடும். வெயில் ஏற ஏற அமிலத்தைப் பையிலேர்ந்து எடுத்து உடைச்சா கார்பன் டை ஆக்சைடு உள்ளுக்குள்ளயே வெளிய வரும், கதவைத் திறக்காமலே சமையல் நடக்கும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பேரு கேம். கிராசுலேசியன் ஆசிட் மெட்டபாலிசம்ங்கறதோட சுருக்கம், கிராசுலேசியேங்கற செடிக் குடும்பத்துல முதல்ல நல்லா ஆராய்ஞ்சதால அந்தப் பேரு, மனப்பாடம் பண்ண வேண்டாம். இதுல பல செடி தண்ணியை இலையிலயோ தண்டுலயோ சேத்து வெச்சுக்கும், அப்படித் தடிமனா இருக்கற செடியைத்தான் சக்குலன்ட்னு சொல்றாங்க. கேம் செடிக்கு ஒரு கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் செலவாகற தண்ணி சுமார் 50-லேர்ந்து 100 கிராம், அதாவது சாதா செடிக்கு ஆகறதுல அஞ்சுல ஒரு பங்கு, சில சமயம் அதுக்கும் கம்மி.

இப்ப சித்திக்குப் பதில். ஸ்நேக் பிளான்ட்டும் கேம் செடிதான், ராத்திரி கதவு திறக்கறது உண்மை. ஆனா ஆக்சிஜன் உண்டாகறது வெயில் வெளிச்சம் தண்ணியை உடைக்கறப்ப மட்டும்தான், ராத்திரி அது நடக்க வழியே இல்ல. ராத்திரி அது பண்றது கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் இழுக்கறது, அதுவும் ஒரு தொட்டிச் செடி இழுக்கற அளவு உங்க ரூமுக்கு ஒண்ணுமே இல்ல. அழகா இருக்கு, வைங்க சித்தி, ஆக்சிஜனுக்காக வைக்காதீங்க.

சுருக்கமா இதுவரைக்கும்: கதவைப் பகல்ல திறந்தா தண்ணி நஷ்டம், அதனால கேம் செடி ராத்திரி திறந்து, காத்தை அமிலமா சேமிச்சு, பகல்ல மூடின கதவுக்குப் பின்னாடி சமைக்குது.

இதை முதல்ல நாக்குலதான் கண்டுபிடிச்சாங்க

கட்டுரைக்கு ரொம்ப அவசியம் இல்ல, ஆனா எனக்குப் பிடிச்ச கதை. பெஞ்சமின் ஹைனேன்னு ஒருத்தர், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மெட்ராஸ் பக்கம் வேலை பார்த்த தாவரவியலாளர். 1813-ல ஒரு லெட்டர்ல எழுதறாரு: ஒரு செடியோட இலையைக் காலையில மென்னா புளிக்குது, மத்தியானம் ஒரு ருசியும் இல்ல, சாயங்காலம் லேசா கசக்குது. அந்தச் செடி வேற ஒண்ணும் இல்ல, நம்ம வீட்டு ஓரமெல்லாம் வளருமே, இலையைக் கிள்ளிப் போட்டா விளிம்புலேர்ந்து குட்டிச்செடி முளைக்குமே, ரணகள்ளி.

நான் செஞ்சு பார்த்தேன். காலையில அஞ்சரைக்கு மாடிக்குப் போய் ஒரு ஓரத்தைக் கிள்ளி நாக்குல வெச்சேன், புளியங்கொழுந்து மாதிரி சுருக்குன்னு ஒரு புளிப்பு, தாடை ரெண்டு பக்கமும் இழுத்துச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அதே செடியில பக்கத்து இலை, பச்சைத்தண்ணி மாதிரி சப்புன்னு. ராத்திரி நிரம்பின குடோன் பகல்ல காலியாயிடுச்சுங்கறதுக்கு இதைவிட சாட்சி வேணாம். நீங்களும் செய்யறதா இருந்தா நுனியை மட்டும் தொட்டுட்டுத் துப்பிடுங்க, அந்தச் செடியில நச்சு இருக்கு, மாடு நிறைய தின்னா செத்தே போகும்.

அப்ப எல்லாச் செடியும் ஏன் இப்படிப் பண்ணல

ஏன்னா குடோன் சின்னது. ராத்திரி எவ்ளோ அமிலம் பிடிக்குதோ அவ்ளோதான் மறுநாள் சமையல், வெயில் எவ்ளோ அடிச்சாலும் சரி. அதனால கேம் செடி பெரும்பாலும் மெதுவாத்தான் வளரும். சவாரோன்னு ஒரு கள்ளி இருக்கு, படத்துலயெல்லாம் ரெண்டு கையைத் தூக்கிக்கிட்டு நிக்குமே அதான், சொனோரன் பாலைவனத்துல மட்டும்தான் காட்டுல வளரும். முதல் எட்டு வருஷத்துல அது வளர்றது ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம். அந்தக் கை ஒண்ணு முளைக்கவே 50 வருஷத்துக்கு மேல ஆகும். தண்ணி தாராளமா இருக்கற இடத்துல இவ்ளோ மெதுவா வளர்ந்தா பக்கத்துச் செடி நிழல் போட்டே அமுக்கிடும்.

(பாலைவனத்துல மட்டும்தான் கேம்னு நெனைச்சுடாதீங்க. அன்னாசி கேம், டிராகன் ஃப்ரூட் கேம், மழைக்காட்டுல மரக்கிளையில தொங்கற ஆர்க்கிட் பல கேம். கிளைமேல வேருக்கு மண்ணே கிடையாது, மழை நின்னா அதுவும் ஒரு குட்டிப் பாலைவனம்தானே.)

வெயில் இல்ல, மழைதான் கணக்கு

அத்தை பையன் விஷயத்துக்கு வரேன். சூடும் வறட்சியும் ஏற ஏற கள்ளி பெருகும்னா உலகத்துலயே வறண்ட இடத்துலதான் கள்ளிக்காடு இருக்கணும். இல்லவே இல்ல. சிலியில அட்டகாமா பாலைவனத்தோட நட்ட நடுவுல கண்ணுக்கெட்டின தூரம் ஒரு செடி கிடையாது, அந்தப் பாலைவனத்துல கள்ளி இருக்கறது ஓரத்துலதான், கடல்லேர்ந்து மூடுபனி வந்து மோதற கடலோர மலைச்சரிவு மாதிரி இடத்துல. சகாராவுலயும் பெரும்பகுதி வெறும் கல்லும் மணலும்தான்.

ஏன்னா சக்குலன்ட் தண்ணி இல்லாம வாழற செடி இல்ல, தண்ணியைச் சேமிச்சு வாழற செடி. சேமிக்கணும்னா வருமானம் வரணும்ல, கம்மியா வந்தாலும் ஒழுங்கா வரணும். சொனோரன் பாலைவனத்தோட அரிசோனாப் பகுதிக்கு வருஷத்துல ரெண்டு மழைக்காலம், குளிர்காலத்துல ஒரு மெல்லிய மழை, ஜூலை வாக்குல இடியோட ஒரு மழை. சவாரோவோட வேர்ல பெரும்பகுதி நாலஞ்சு அங்குல ஆழத்துக்குக் கீழ போகாது, ஆனா மரம் எவ்ளோ உயரமோ அவ்ளோ தூரத்துக்குப் பக்கவாட்டுல விரிச்சுப் போட்டிருக்கும், மேல் மண்ணு நனைஞ்சதும் உறிஞ்சிக்கறதுக்கு. தண்டு பூரா மேலிருந்து கீழ மடிப்பு மடிப்பா இருக்கும், ஆர்மோனியத் துருத்தி மாதிரி, மழை பெஞ்சா மடிப்பு விரிஞ்சு உடம்பு பருக்கும், வறண்டா மடிப்பு கூடி ஒல்லியாகும். மழை பெஞ்சு மண்ணு காஞ்ச பிறகும் இந்தச் சேமிப்பை வெச்சு ஒரு பீப்பாய்க் கள்ளி ஒரு மாசத்துக்கும் மேல ராத்திரி ராத்திரி கதவைத் திறந்து வேலை பாக்கும். அதுவும் தீர்ந்தா பகல் ராத்திரி ரெண்டும் கதவைச் சாத்திட்டு, தன் மூச்சுல வர்ற கார்பன் டை ஆக்சைடையே திருப்பித் திருப்பிப் பயன்படுத்தி உயிரை மட்டும் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கும். வண்டியை நியூட்ரல்ல போட்டு இன்ஜின் ஓட விட்டுருப்போமே, அந்த நிலைமை. வளராது, சாகாது.

அதே அரிசோனாவுல மேற்கு ஓரமா யூமான்னு ஊரு இருக்கு, டூசானை விடச் சூடு, மழை 80 மில்லிமீட்டர் சுத்துல. கணக்குப்படி அங்கதான் சவாரோ கொடி கட்டிப் பறக்கணும். ஆனா அங்க அது அபூர்வம், கொலராடோ ஆத்தைத் தாண்டி கலிபோர்னியாவுக்குள்ள போனா இன்னும் ரொம்பக் கம்மி, ஏன்னா அந்த ஜூலை மழை மேற்க போகப் போகத் தேஞ்சுடுது.

சுருக்கமா: எவ்ளோ சூடுங்கறது கேள்வி இல்ல, மழை எப்ப வருது, எவ்ளோ நம்பிக்கையா வருதுங்கறதுதான் கேள்வி.

ராத்திரியோட சூடு

இது பாதி கணக்குதான். மீதி பாதி ராத்திரி. கதவு திறக்கறதே ராத்திரி, அப்ப செடியோட வருமானம் பூரா ராத்திரி எப்படி இருக்குன்றதைப் பொறுத்ததுதானே? குளிர்ந்த காத்து தண்ணியை அவ்ளோவா உறிஞ்சாது, அதனால கதவு திறந்திருந்தாலும் நஷ்டம் கம்மி. அமிலம் சேக்கற வேலையும் மிதமான குளிர்ல நல்லா நடக்கும், பெரும்பாலான கள்ளிக்கும் கத்தாழை மாதிரி இருக்கற அகேவுக்கும் ராத்திரி 10-லேர்ந்து 20 டிகிரிக்குள்ள இருந்தா சொர்க்கம். ராத்திரியே 30-க்கு மேல நின்னா கதவு சரியா திறக்காது, சேத்த சரக்கும் மூச்சு விடறதுலயே கரைஞ்சு போகும்.

பாலைவனத்துல இது தானா அமையும். மேகம் இல்ல, ஈரம் இல்ல, பகல்ல வாங்குன சூட்டை மண்ணு ராத்திரி நேரா வானத்துக்கு விட்டுடும், பகல் 40-ம் விடியக்காலை 22-மா இருக்கறது அங்க சகஜம். பகலை மட்டும் பாத்துட்டு கள்ளிக்குச் சூடு பிடிக்கும்னு சொல்றது, ஒருத்தர் நைட் ஷிப்ட் பாக்கறாருன்னு தெரியாம பகல்ல தூங்கறாரேன்னு சோம்பேறிங்கற மாதிரி.

மலை ஏறினா என்ன ஆகும்

உயரம் கதைக்குள்ள வர்றது இந்த இடத்துலதான். ஒரு கிலோமீட்டர் மேல போனா காத்து சராசரியா ஆறரை டிகிரி குளிரும். ராத்திரி குளிர்ச்சி நல்லதுன்னா மேல போகப் போக கள்ளிக்குக் கொண்டாட்டம்தானே? ஒரு உயரம் வரைக்கும் ஆமா.

டூசானுக்கு வடக்க சான்டா கேட்டலினா மலை, உச்சிக்குப் பேரு மவுன்ட் லெம்மன், 2,791 மீட்டர். அடிவாரத்துலேர்ந்து உச்சி வரைக்கும் ரோடு போகுது. கீழ ரெண்டு பக்கமும் சவாரோ தூண் தூணா நிக்கும், ஏறிக்கிட்டே இருப்பீங்க, ஏறக்குறைய 1,200 மீட்டர் தாண்டினதும் ஒண்ணு ரெண்டா குறைஞ்சு காணாமயே போயிடும், அப்பறம் ஓக், அதுக்கு மேல பைன், உச்சியில ஃபிர் மரம், குளிர்காலத்துல பனி. ஒரு மணி நேர ட்ரைவுல பாலைவனத்துலேர்ந்து கனடாவுக்குப் போன மாதிரி.

சவாரோவை அந்த இடத்துல நிறுத்தறது எதுன்னு தேடினவர் ஃபாரஸ்ட் ஷ்ரீவ். டூசான்ல டூமமாக் குன்று மேல 1903-ல கார்னகி நிறுவனம் ஒரு பாலைவன ஆய்வுக்கூடம் கட்டினாங்க, அங்க வேலை பாத்தவரு. 1911-ல அவரு எழுதினது எனக்கு ரொம்பத் தெளிவான பதிலா படுது: எவ்ளோ குளிருதுங்கறதை விட எவ்ளோ நேரம் தொடர்ந்து உறையுதுங்கறதுதான் முக்கியம். ஒரு ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ போனா சவாரோ தாங்கிக்கும், காலையில வெயில் பட்டு உருகிடும். மறுநாள் பகல்லயும் உருகாம அப்படியே அடுத்த ராத்திரிக்குப் போச்சுன்னா முடிஞ்சுது. உடம்பு பூரா தண்ணி, உறைஞ்சா செல்லுங்க நாசமாகும். எந்தச் சேமிப்பு கீழ அதைக் காப்பாத்துதோ அதுவே மேல எமன்.

இதுல ஒரு வேடிக்கை. உயரமா போனாத்தான் குளிரும்னு இப்பதானே சொன்னேன், ஆனா காத்து இல்லாத ராத்திரியில குளிர்ந்த காத்து கனமாகி, சரிவு வழியா தண்ணி மாதிரி இறங்கி பள்ளத்துல தேங்கும். ஷ்ரீவ் இதையும் அளந்து எழுதியிருக்காரு. அதனால பள்ளத்தாக்கோட அடி, அதைவிட உயரமான மலைச்சரிவை விட ராத்திரியில அதிகமா குளிரலாம், சவாரோவும் பள்ளத்தை விட்டுட்டுச் சரிவுலதான் செழிப்பா நிக்கும். அந்தச் சரிவுலயும் தெற்கு பாத்த பக்கம் வெயில் நல்லா வாங்கும், அங்க வடக்கு பக்கத்தை விட இன்னும் கொஞ்சம் மேல ஏறி நிக்கும். உயரத்தை மட்டும் வெச்சு மேப்ல கோடு கிழிக்க முடியாது.

உடம்போட தடிமனும் சேரும். ஆர்கன் பைப்னு அதே பாலைவனத்துல இன்னொரு கள்ளி, ஒல்லி ஒல்லியா நிறைய தண்டு. ஒல்லித் தண்டு சீக்கிரம் குளிர்ந்துடும், அதனால அது மெக்சிகோ எல்லையை ஒட்டியே நின்னுடுச்சு, பெருத்த சவாரோ சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு இன்னும் வடக்க போயிடுச்சு.

சவாரோவால முடியாததால மலைமேல கள்ளியே கிடையாதுன்னு ஆயிடாது. பொலிவியாவுல உயூனி உப்புச் சமவெளிக்கு நடுவுல இன்காவாசின்னு ஒரு தீவுத் திட்டு, 3,650 மீட்டர் உயரம், அங்க ஆளை விட பல மடங்கு உயரத்துக்குக் கள்ளி நிக்குது. அந்த உயரத்துல காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான், கார்பன் டை ஆக்சைடும் அந்த அளவுக்கு நெருக்கம் குறைஞ்சதுதான், இருந்தாலும் பிழைக்குது. ஆண்டீஸ் மலைக் கள்ளி சிலதுக்கு உடம்பு பூரா வெள்ளை முடி, கம்பளி போத்தின மாதிரி. கனடா வரைக்கும் போற ஒரு சப்பாத்திக் கள்ளி வகை வேற தந்திரம் பண்ணுது, குளிர்காலம் வர்றதுக்கு முன்னாடியே தண்ணியை இறக்கிட்டுச் சுருங்கித் தரையோட படுத்துக்கும், உறையறதுக்கு உள்ள தண்ணி கம்மி.

சுருக்கமா: மேல போனா ராத்திரி குளிர்ந்து வருமானம் ஏறும், இன்னும் மேல போனா உறைபனி கொல்லும், நடுவுல இருக்கற ஒரு பட்டைதான் அதோட வீடு. அந்தப் பட்டை எங்க விழும்ங்கறது செடிக்குச் செடி, சரிவுக்குச் சரிவு மாறும்.

2023 ஃபீனிக்ஸ்

டூசான்லேர்ந்து வடமேற்க ஃபீனிக்ஸ், உயரம் சுமார் 330 மீட்டர், டூசானை விடப் பாதிக்கும் கம்மி. 2023 கோடையில அங்க தொடர்ந்து 31 நாள் பகல் 43 டிகிரியைத் தாண்டுச்சு, எல்லாப் பத்திரிகையும் அதைத்தான் தலைப்பு போட்டாங்க. எனக்குக் கண்ணுல பட்டது இன்னொண்ணு, தொடர்ந்து 16 ராத்திரி 32 டிகிரிக்குக் கீழ இறங்கவே இல்ல. பகல் வாங்குன சூட்டை காங்கிரீட்டும் தாரும் விடிய விடிய விட்டுக்கிட்டே இருந்துச்சு. அந்தக் கோடையில ஊருக்குள்ள சவாரோங்க கை ஒடிஞ்சு விழுந்துச்சு, சிலது அப்படியே சாஞ்சுது. நூறு வருஷம் வெயில்ல நின்ன கள்ளி வெயில்ல சாகுதேன்னு ஊரே ஆச்சரியப்பட்டுச்சு. பதினாறு ராத்திரி கதவைச் சரியா திறக்க முடியாம பட்டினி கிடந்ததுன்னு பாத்தா அவ்ளோ ஆச்சரியம் இல்ல.

உங்க மாடிக்கு வருவோம்

ஆன்லைன்ல ரோஜாப்பூ மாதிரி இருக்கேன்னு எச்செவேரியா வாங்கி, சென்னையில மே மாசம் மொட்டை மாடியில வெச்சு, ரெண்டே வாரத்துல அது கூழாப் போனவங்க நிறைய பேர் இருப்பீங்க. நானும் மூணு தொட்டி கொன்னிருக்கேன். எச்செவேரியாவோட சொந்த ஊரு பெரும்பாலும் மெக்சிகோவோட உயர்ந்த மலைப் பகுதிங்க. சென்னையில மே மாச ராத்திரி 28 டிகிரி சுத்துலயே நிக்கும், கூடவே கடல் ஈரம், பாதி திறந்த கதவோட பசியில இருக்கற செடிக்கு நாம பாவம் பாத்து ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தினா வேர் அழுகாம என்ன பண்ணும். அதே செடி 920 மீட்டர்ல இருக்கற பெங்களூருல பால்கனியில சிரிக்கும், ஊட்டியில உறைபனி ராத்திரி மட்டும் உள்ள எடுத்து வெச்சா போதும். சென்னைக்காரங்க கோடையில அதை வெயில்லேர்ந்து எடுத்து காத்தோட்டமான நிழல்ல வைங்க, தண்ணியை நல்லா குறைச்சுடுங்க, இல்லன்னா பேசாம ரணகள்ளி வளருங்க, அதுக்கு நம்ம ராத்திரி பழகிடுச்சு, விடியக்காலையில ருசி பாக்கவும் ஆச்சு.